மூச்சு வாத்தியாருக்கு மூச்சு வாங்குகிறது

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உடம்பாலும் மனசாலும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். எங்கள் கணக்கில் மட்டும் மனசை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் நீ ஃபோனில் கேட்டாயே, அம்மா ஏன் ஓடுவதை நிறுத்திவிட்டாள், நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்று, அவளுக்கு முட்டி வலி என்று சொல்லிவிட்டு வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஃபோனை வைத்தேன். வாசலில் யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கு முட்டியும் வலிக்கவில்லை. ஃபோனில் திரும்பக் கேட்டால் திரும்பவும் ஏதாவது சொல்லி நழுவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகியது, பழுது பார்க்க வந்தவர் ஒழுகலை நிறுத்திவிட்டு வெந்நீரையும் சேர்த்து நிறுத்திவிட்டுப் போனார். உன் பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம், எங்கள் வீட்டுக்கு வந்தவர் சுவரில் உள்ள விரிசலை எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பை மூன்றாவது மாடிக்கு மாற்றிவிட்டார்கள். இந்த வம்பு எல்லாம் அங்கே இருந்துதான் தொடங்கியது. படி ஏறிப் போய் நின்றால் முதல் வரியைப் பாடிக் காட்ட எனக்கு மூச்சு இல்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பார்கள், நான் ஜன்னலைத் திறப்பது போலவும் பெஞ்சை நேராக்குவது போலவும் பாவனை செய்துகொண்டிருப்பேன். இத்தனை வருஷமாக மூச்சு, மூச்சு என்று கத்தி மூச்சு வாத்தியார் என்று பட்டப்பெயர் வாங்கியவன் நான், என் நிலைமையைப் பார். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, நுரையீரலும் இதயமும் நன்றாகத்தான் இருக்கின்றன, உடம்புதான் சும்மாவே இருந்து பழகிவிட்டது, நடங்கள், பிறகு மெதுவாக ஓடுங்கள் என்றார். உன் அம்மா உடனே நானும் வருகிறேன் என்றாள். இருவரும் போய் ஷூ வாங்கி வந்தோம். அன்று கடையில் அவள் ஷூவைப் போட்டுக்கொண்டு அங்கேயே நாலு எட்டு ஓடிக் காட்டியதில் எனக்கும் சிரிப்பு, கடைக்காரப் பெண்ணுக்கும் சிரிப்பு.

முதல் நாள் காலையில் நான் செய்த மடத்தனத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பாட்டுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் மூச்சு உனக்குத் தெரியுமே, வாயை மூடி மூக்கால் சத்தமில்லாமல் இழுக்க வேண்டும், உள்ளே நிறுத்த வேண்டும், வரி முடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட நீ மூச்சு எடுப்பது கேட்கக் கூடாது. நான் அதையே ஓட்டத்துக்கும் போட்டேன். ஊருக்கெல்லாம் மூச்சு சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இதில் புதிதாக என்ன வேண்டியிருக்கிறது என்ற திமிர். தெரு முனைச் சலவைக் கடைவரை போவதற்குள் விலாவில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது, காது அடைத்தது, கண் இருட்டியது. அதற்கு முன்னால் மூடியிருந்த வேறொரு கடையின் படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். சலவைக் கடைக்காரர் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். மூச்சு வாத்தியாருக்கே மூச்சு வாங்குகிறதே என்று அவர் கவலையோடுதான் சொன்னார், எனக்குத்தான் செருப்பால் அடித்தது போல இருந்தது. முன்னால் ஓடிப்போன உன் அம்மா திரும்பி வந்தாள். நெற்றி மட்டும் வியர்த்திருந்தது. மூச்சில் ஒரு பிசிறு இல்லை. என் தோளைத் தடவிக்கொண்டே இன்றைக்குத் துணி துவைக்க வேண்டும், வெயில் வருமா என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் மேல் வந்தது எரிச்சல்கூட இல்லை, பொறாமை. கட்டிய மனைவியின் மூச்சைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், கண்ணு. எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் சேர்ந்துதான் போனோம். ஒவ்வொரு நாளும் அவள் முன்னால் போவாள், நான் பின்னால் இழுத்துக்கொண்டு போவேன், அவள் திரும்பி வந்து ஆற அமர நிற்பாள். பொறுக்க முடியாமல், உன் வேகம் எனக்குச் சரிப்படவில்லை, நான் மைதானத்துப் பக்கம் தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்னால் முடியவில்லை என்று சொல்லாமல், குற்றம் அவள் வேகத்தில்தான் என்பது போலச் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஒருநாள் மைதானத்து வேலிக்குப் பக்கத்தில் எங்கள் விளையாட்டு ஆசிரியரும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். நான் அப்போதுதான் வந்து சேர்ந்து, மூச்சிரைப்பதை உள்ளே அமுக்கிக்கொண்டு, தினமும் மூன்று சுற்று ஓடுகிறேன் என்று அளந்துகொண்டிருந்தேன். ஒரு சுற்றுக்கே எனக்கு நாக்குத் தள்ளும். தூரத்தில் உன் அம்மா வருவது தெரிந்தது. என் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, என்னைப் பார்த்ததும் கையை உயரே தூக்கி ஆட்டினாள். அவள் வந்தால் வாங்க சேர்ந்து ஓடலாம் என்பாள், இவர்கள் முன்னால் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும் என்று பயந்து, ஷூ கயிறு கட்டுகிற சாக்கில் அங்கே நின்ற ஒரு வேனுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவள் எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அவள் ஷூ கழுவிக் காய்ந்து, அட்டைப் பெட்டிக்குள் போய், பெட்டி அலமாரிக்கு மேலே போய்விட்டது. நான் ஏன் என்று கேட்கவில்லை. இதைவிடக் கேவலம் ஒன்று சொல்கிறேன், உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நீ ஃபோனில் கேட்ட பிறகுதான் உறைத்தது. அன்று மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். அவள் தலையைத் தூக்கவில்லை. "என்னைப் பாத்து வேனுக்குப் பின்னாடி ஒளிஞ்சீங்கல்ல. இந்த வயசுல இந்த உடம்பை வெச்சுக்கிட்டு ஓடறவளை, என் பொண்டாட்டின்னு நாலு பேர் முன்னாடி சொல்லிக்க உங்களுக்கு வெக்கமா இருந்திருக்கும். பரவால்ல, நான் வரல" என்றாள். சொல்லிவிட்டு என் சட்டையின் காலரை நீவி நீவி மடித்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை. இல்லை என்றால் ஏன் ஒளிந்தீர்கள் என்று கேட்பாளே, அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்ல வாய் இல்லை. எழுந்து போய்க் குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான் உன் அப்பாவின் தைரியம்.

மறுநாள் காலையில் அந்தப் பெட்டியை இறக்கி அவள் ஷூவை வாசலில் வைத்து, நானும் என் ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் அடுப்படியில் வெகு நேரம் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் வந்து போட்டுக்கொண்டாள். நான் சொல்ல வேண்டியதை அழகாக யோசித்து வைத்திருந்தேன், என் வயசு, என் வேலை, ஊரில் எனக்கு இருக்கும் பெயர் என்று காரணகாரியத்தோடு ஒரு முழு உரை. ஓடத் தொடங்கினோம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் ஓடணும், பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம் என்றாள் உன் அம்மா. நான் பேசப் பார்த்தேன். உரையில் ஒரு வாக்கியம்கூட வெளியே வரவில்லை. காரணம் சொல்வதற்கெல்லாம் மூச்சு மிச்சம் இல்லை. "வெக்கம் உன்னைப் பாத்து இல்ல" என்றேன். பத்தடி போய், "என்னைப் பாத்துத்தான்" என்றேன். சலவைக் கடை தாண்டி, "என்னால முடியல" என்றேன். வாயைத் திறந்து நாய் மாதிரி இரைத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றேன். கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், அல்லது திட்டுவாள் என்று. அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, முதல் முறையாக எனக்குக் கேட்கும்படி மூச்சு வாங்கினாள். அவளுக்கும் அப்படி இரைக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பிறகு சொன்னாள். "நான் முன்னாடி ஓடினது வேகத்துக்கு இல்லீங்க. எனக்கு இரைக்கறது உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான். தெரு திரும்பினதும் நின்னு, மூச்சு சரியானப்புறம்தான் உங்ககிட்ட வருவேன். இது ஓடறதுக்கு மட்டும் இல்ல. கடையிலேர்ந்து பையைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி வந்தாலும் கதவுக்கு வெளியே நின்னு, ஆத்திக்கிட்டுத்தான் மணி அடிப்பேன். வாயைத் திறந்து மூச்சு விட்டா நீங்க திரும்பி ஒரு பார்வை பாப்பீங்க." குறையாகச் சொல்லவில்லை, வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். எத்தனையோ சாயங்காலம் கதவுக்கு வெளியே பை உரசும் சத்தம் கேட்டு, இவள் மணி அடிக்க இவ்வளவு நேரம் என்ன செய்கிறாள், எதிர்வீட்டுக்காரியோடு அரட்டையா என்று நான் உள்ளே உட்கார்ந்து முணுமுணுத்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வேனுக்குப் பின்னால் நான் ஒளிந்தது ஒருநாள். அவள் என் வீட்டு வாசலிலேயே ஒளிந்து நின்றிருக்கிறாள்.

இப்போது சேர்ந்துதான் போகிறோம். ஒரு விளக்குக் கம்பம்வரை ஓட்டம், அடுத்த கம்பம்வரை நடை. வாயைத் திறந்து இரைக்கிறோம், இரண்டு பேரும் சேர்ந்து வரும் சத்தத்துக்குத் தெருவில் ஜன்னல் திறந்து பார்க்கிறார்கள். விலாவில் பிடித்தால் நின்று, கையால் அமுக்கிக்கொண்டு, மூச்சை ஊதி ஊதி வெளியே விட்டால் விடுகிறது. நேற்று சுலபமாக ஓடிய அதே தெரு இன்றைக்குக் காலைப் பிடித்து இழுக்கிறது, ஏன் என்று தெரியவில்லை, அப்படிப்பட்ட நாளில் பேசாமல் நடந்துவிட்டு வருகிறோம். விளையாட்டு ஆசிரியரிடம் மூன்று சுற்று பொய் என்று சொல்லிவிட்டேன், எங்களுக்கு முன்பே தெரியும் சார் என்றார். வகுப்பிலும் இப்போது படி ஏறியதும் பிள்ளைகள் முன்னாலேயே உட்கார்ந்து இரைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். இதெல்லாம் எழுதுவதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவள் பையோடு மாடி ஏறும் சத்தம் கேட்டால் நானே போய்க் கதவைத் திறக்கிறேன், என்னைப் பார்த்ததும் அவள் இன்னும் வாயை மூடிக்கொள்கிறாள். பழகியது அவ்வளவு சீக்கிரம் போகுமா. அந்த நேரத்தில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று. பேசிக்கொண்டே ஓடும் இந்த முறையை உனக்கு யார் சொன்னது என்று அவளைக் கேட்டேன். நீதான் என்றாள். நீ அங்கே ரொம்ப நாளாக ஓடுகிறாயாம், ஓடி முடித்த கையோடு இரைக்க இரைக்கவே அம்மாவுக்கு ஃபோன் செய்வாயாம், அப்பாகிட்ட கொடுக்கட்டுமா என்று அவள் கேட்டால், இருங்கம்மா, மூச்சு சரியாகட்டும், அப்புறம் பேசறேன் என்பாயாம். என்னிடம் நீ ஓடுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் கேட்கவில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குளிர் நாளில் காதை மூடிக்கொண்டு ஓடு, வெறும் வயிற்றில் ஓடாதே. இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை, நீயும் அவளிடம் இதைப் பற்றிக் கேட்டு அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க என் ஆசிகள். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே, கண்ணு. அடுத்த தடவை ஓடி முடித்ததும் காத்திருக்காமல் முதலில் அப்பாவைக் கூப்பிடு. வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை, இரைத்துக்கொண்டே இரு, நான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
தலை குனிந்து எழுதும்
உன் அப்பா