எடை சீராக உள்ளது

பிப்ரவரி 6, செவ்வாய்
டுலூத் நகரில் குளிர் மைனஸ் இருபது டிகிரி. வீட்டிலிருந்தே வேலை, எனக்கென்ன. இன்று டாக்டர்கள் எழுதிய நாற்பத்தொரு குறிப்புகளைப் படித்துக் காப்பீட்டுக்குக் குறியீடு சரிபார்த்தேன். டாக்டர் ஹாகன் வழக்கம்போல எல்லாருக்கும் 99214 போட்டிருக்கிறார். நோயாளி வந்துபோனதற்கான நான்காம் நிலைக் குறியீடு; நிலை கூடினால் கட்டணமும் கூடும். டாக்டர் அவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டார் என்று அர்த்தம். உடைத்துக்கொண்டதை எழுதியும் இருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் எங்களைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. ஒன்பதை மூன்றாம் நிலைக்கு இறக்கினேன்.

பிப்ரவரி 7
அந்த ஒன்பதில் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. எழுபத்தொரு வயதுப் பெண். (பெயர் எழுத மாட்டேன், இங்கேகூட.) ‘ரத்த அழுத்தம் கட்டுக்குள். எடை சீராக உள்ளது. அதே மாத்திரை.’ நவம்பரிலும் ஆகஸ்டிலும் அதே வரிகள், அதே எழுத்துப்பிழையோடு. பழைய குறிப்பை நகலெடுத்து ஒட்டுவது எல்லா டாக்டர்களும் செய்வதுதான். ஆனால் நர்ஸ் எடை பார்த்து எழுதும் கட்டம் தனி. அதில் ஆகஸ்டிலிருந்து வரிசையாக 168 பவுண்டு, 157, 143.
இதுவா சீர்?

பிப்ரவரி 8
டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம். ஆனால் பதிலை எடுத்துக் கொடுப்பதுபோல் கேட்கக் கூடாது என்பது விதி. ‘இந்தம்மாவுக்கு என்னவோ இருக்கிறது, பாருங்கள்’ என்று எழுத முடியாது. மூன்று முறை அடித்துத் திருத்திக் கடைசியில்: ‘குறிப்பில் எடை சீர். நர்ஸ் பதிவில் 168, 157, 143. தெளிவுபடுத்தவும்.’

பிப்ரவரி 15
பதில் இல்லை. ஏழு நாளானால் கேள்வி தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது. மூன்றாம் நிலையிலேயே காப்பீட்டுக்குப் போய்விட்டது. என் பங்கு முடிந்தது.

பிப்ரவரி 16
முடியவில்லை போலிருக்கிறது. மேலாளர் ட்ரூடியிடம் சொன்னேன். அலுத்துக்கொண்டாள். “நீ குறியீடு போடுறவ, டாக்டர் இல்ல. நிலைய சரியா போட்டியா? போட்ட. அப்புறம் என்ன?” நேராக நர்ஸைப் போனில் கூப்பிட்டால் என் கோப்பில் எச்சரிக்கை ஏறும் என்றும் சொன்னாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு
அந்தப் பெண் அடுத்து வருவது மே மாதம்தான். அதற்குள் இன்னும் எவ்வளவு குறையும்?

பிப்ரவரி 20
கூப்பிட்டேன். பயமாகத்தான் இருந்தது. எடுத்த நர்ஸ் க்வென்னிடம் மூன்று எடைகளையும் படித்துக் காட்டினேன். “மூணு வாட்டியும் நான்தான் எடை பாத்து எழுதுனேன். அவர் அதைப் பாத்தாரான்னு நான் கேக்கவே இல்ல” என்றாள். இன்றே டாக்டரிடம் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.
ட்ரூடிக்கு நானே எழுதித் தெரிவித்தேன். அவளுக்கு வேறு யாராவது சொல்வதற்கு முன்.

பிப்ரவரி 23
எச்சரிக்கை வந்தது. ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 12
வரிசையில் இருபத்தாறாவதாக அதே பெண்ணின் குறிப்பு. ஒட்டியது ஒரு வரிகூட இல்லை. எல்லாம் ஹாகன் தானே தட்டியது, பிழைகள்கூடப் புதியவை. பெருங்குடலில் கட்டி, பரவவில்லை, வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. நோயாளியோடு நாற்பத்தெட்டு நிமிடம். ஐந்தாம் நிலைக்கு அந்த நிமிடங்களே போதும்.
கீழே இன்னும் இரண்டு வரி: ‘எடை குறைந்துவந்ததை நான் கவனிக்கத் தவறினேன். அதை அவரிடமே சொன்னேன்.’
அந்த இரண்டு வரியும் இல்லாவிட்டாலும் குறியீடு மாறாது. அவர் எழுதியிருக்க வேண்டியதே இல்லை.
99215 போட்டேன். கேள்வி எதுவும் அனுப்பவில்லை.