கோயில் இட்லி தின்ற எலிகள்

1998 பிப்ரவரி 9

கல்லூரி எலிகளுக்குக் கூண்டு மாற்றினேன். வெள்ளை உடம்பு, சிவப்புக் கண், ஒவ்வொன்றும் புது மாப்பிள்ளை மாதிரி மினுக்குகிறது. வீட்டுக்கு வந்தால் என் புருஷன் சிட்டிபாபு கேட்கிறார், "ஏம்மே, எனக்கு என்னிக்காவது இப்படி நேரத்துக்கு சோறு போட்டுக்கீறியா?"

"உனக்கும் ஒரு வால் மொளைக்கட்டும், போடறேன்" என்றேன். மனுஷன் கோபித்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். வீடு நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 12

எங்கள் மருந்துக் கல்லூரி எலிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகள் எலி வாங்கிப் போகிறார்கள். கையில் தூக்கும்போது "பயப்படாதடா" என்று அதனிடம் சொல்கிறவள் ஸிந்துஜா ஒருத்திதான். சின்ன காஞ்சிபுரத்து ஐயங்கார் வீட்டுப் பெண்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். புண்ணில் சீழ் பிடித்து, அந்த விஷம் ரத்தத்தில் ஏறினால் ரத்த அழுத்தம் அப்படியே படுத்துவிடுமாம். பெரிய டாக்டர்களே கையைப் பிசைவார்களாம். அதற்குத்தான் தேயிலையிலிருந்து ஒரு வெள்ளைப் பொடி பிரித்திருக்கிறாள்.

"சாந்தீன்னு ஒரு ரசாயனக் குடும்பம் அக்கா. டீ, காபி, கோகோ எல்லாத்துலயும் இருக்கு."

"அப்போ பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரருக்கும் ஒரு வெள்ளைக் கோட்டு தெச்சுக் குடும்மா."

சிரித்தாள். அப்புறம் முகம் சுருங்கியது. ஏப்ரலுக்குள் மருந்து வேலை செய்கிறது என்று காட்டிவிட்டால் பூனாவில் மேல்படிப்பு. இல்லையென்றால் ஸ்ரீரங்கத்தில் மாப்பிள்ளை. அப்பா கறாராகச் சொல்லிவிட்டாராம்.

மார்ச் 3

வாலில் நீல மை வைத்தவற்றுக்குப் பொடி. சிவப்பு மை வைத்தவற்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர். பிறகு இரண்டு பக்கத்துக்கும் விஷ ஊசி. நீலம் பிழைத்து சிவப்பு செத்தால் ஸிந்துஜா ஜெயித்தாள்.

இதுவும் ஒரு நியாயமா? சிவப்பு வால்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஒன்று என் விரலைக் கடித்தது. சரிதான்.

மார்ச் 7

ஸிந்துஜாவின் அம்மா ரமாமணி மாமி மகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். உள்ளே வரலாமா என்றார். வாங்க மாமி என்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தவர், அரை நாழிகையில் எலிகளோடு குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் தினமும் வருகிறார். சாப்பாடு மகளுக்கா எலிக்கா என்று கிண்டல் பண்ணினேன். சிரித்து மழுப்பினார்.

மார்ச் 18

விஷ ஊசி போட்டாயிற்று.

மார்ச் 20

ஐயோ, என்னத்தை எழுதுவேன்! சிரித்துச் சிரித்து இன்னும் விலா வலிக்கிறது. ஆனால் காலையில் சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

நீல வால்கள் பிழைத்தன. நல்லது. சிவப்பு வால்களும் பிழைத்துவிட்டன. பிழைத்ததோடு விடவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு சர்க்கஸ் காட்டுகின்றன. அப்படியென்றால் பொடியால் என்ன பயன்? ஸிந்துஜா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பேராசிரியர் திருஞானசம்பந்தம் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார்.

அந்த நேரம் மாமி தூக்குடன் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெருமையாகச் சொன்னார், "சுறுசுறுப்பாத்தான் இருக்கும். தினம் காபி சாப்பிடறதோன்னோ!"

ஸிந்துஜா விருட்டென்று எழுந்தாள்.

"அம்மா... என்ன சொல்றே?"

"சிவப்பு வாலுக்கு மருந்தே கெடையாதுன்னயேடி. பாவம்னு பெருமாள் கோயில் இட்லியைக் கெட்டி டிகாக்‌ஷன்ல நனைச்சு நனைச்சுப் போட்டேன். பிரசாதத்தை எந்த ஜீவனுக்கும் இல்லேங்கப்படாது."

"கோயில் இட்லியா? அதுல சுக்கும் மிளகும் வேற இருக்குமே!" என்று பேராசிரியர் தலையில் கை வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "உள்ள விட்டது யாரு?"

"நாந்தான் சார். டிகாக்‌ஷன் எடுத்துக்கினு வருவாங்கன்னு யாருக்கு சார் தெரியும்?" சொல்லும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதலில் நான், பிறகு பேராசிரியர், கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஸிந்துஜா. மாமிதான் ஒன்றும் புரியாமல் நின்றார். காபியிலும் இருக்கிற அந்தச் சாந்தீன்தான் காப்பாற்றியதா, சுக்கா, பெருமாளா, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, முதலிலிருந்து செய்யணும் என்று சார் சொன்னதும்தான் புரிந்தது. உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 21

ஏப்ரலுக்குள் முடியாது. புது எலி சென்னையிலிருந்து வரணும். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பெண் பார்க்க வருகிறார்களாம். இன்று யாரையும் கிண்டல் பண்ணத் தோன்றவில்லை.

மார்ச் 24

மாமி வந்தார், வாசலிலேயே நின்றார். "அவ அப்பாகிட்ட சொல்லிட்டேன் அம்சா. கெடுத்தது நான். கொழந்தை முடிக்கறவரைக்கும் பொண்ணு பாக்கற பேச்சு ஆத்துல வரப்படாதுன்னேன்."

"ஐயா என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வார்? காபி போடமாட்டேன்னுட்டேன். மத்தியானத்துக்குள்ள ஒத்துண்டுட்டார்."

மாமிக்கு ஒரு கும்பிடு.

மே 6

புது எலிகள். மாமிக்கு உள்ளே அனுமதி இல்லை, வேப்பமரத்தடிதான். பையைச் சோதிக்கும் அதிகாரம் எனக்கு.

"நான் என்ன கள்ளச்சாராயமா கொண்டுவந்திருக்கேன்?"

"அதை எடுத்தாந்தாகூட விட்டுடுவேன் மாமி. காபிய விடமாட்டேன்."

மே 23

சிவப்பு வால்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நீலத்தில் பாதிக்கு மேல் கண் விழித்துத் தீனி கேட்டன. பொடி வேலை செய்கிறது! ஸிந்துஜா என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். கூடத்து நாற்றமெல்லாம் அவள் புடவையில். செத்தவற்றைத் துணியில் எடுத்து வைத்தேன். சந்தோஷமும் இதுவும் ஒரே நாளில். என்ன செய்ய? மரத்தடியில் மாமி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எலிகளுக்காகவா, மகளுக்காகவா? கேட்கவில்லை.

ஜூலை 2

ஸிந்துஜாவைப் பூனாவுக்குப் பஸ் ஏற்றிவிட்டோம் — சென்னை வரை பஸ், அப்புறம் ரயில். மாமி அழவில்லை. நான்தான் அழுதேன், மானம் போச்சு.

ஆகஸ்டு 19

ஆபீஸ் போனில் எனக்கு அழைப்பு என்றதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடினேன். ஸிந்துஜா.

"அக்கா, இங்க ஆஸ்பத்திரியிலயே லேப். இன்னிக்கு நம்ம வியாதியோட ஒரு ஆளைப் பாத்தேன். எலி இல்லக்கா, மனுஷன். நம்ம பொடி அவர் மாதிரி ஆளுங்ககிட்ட போக இன்னும் எத்தனையோ வருஷம் ஆகுமாம். போகாமலே கூட இருக்கலாமாம்."

"அழறியாம்மா?"

"இல்லக்கா. சீக்கிரம் முடிக்கணும்னு அவசரமா இருக்கு."

"அப்போ என்கூட என்னா பேச்சு? வெச்சுட்டு வேலையப் பாரு."

உடனே வைத்துவிட்டாள். நானும் போய்க் கூண்டு கழுவினேன்.