பூஜை அறையின் ஆறு அடி

ஜன. 18, திங்கள்
மழை விட்டது. மலை பாதிவரை மேகம். கச்சிராயபாளையம் சாலையில் கரும்புக்காரர் வீடு. பழைய சென்ட்ரல் ஏ.சி.யை எடுத்துவிட்டுப் புதிது. அளவெடுக்க நான் மட்டும். கம்பெனியில் பெண்ணும் நான் மட்டும்.
முதலாளி சார்: "பழசு பதினோரு டன்னு. அதையே போட்டுனு போலாம். நீதான் கணக்கு கணக்குன்னு நிக்கிற. அளந்துகினு வா, பாக்கலாம்."
வீட்டு அம்மா: "ஹால்ல ஒக்காந்தா பல்லு கிட்டுது, மாடியில படுத்தா வேர்த்துக் கொட்டுது. இன்னா மிஷினும்மா இது?"
தெர்மோஸ்டாட் ஒன்றே ஒன்று, அதுவும் ஹாலில். ஹால் குளிர்ந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது.
ஹால் 22x18. மாடி அறை 3, மொட்டை மாடிக்கு நேர் கீழே. கீழே படுக்கையறை 2. பூஜை அறை 10x10.
கடைசியை வாசலில் நின்றே எழுதினேன். எனக்கு இன்று இரண்டாம் நாள். சாமி அறைக்குள் எப்படிப் போவது.
மோர் கொடுத்தார் அந்த அம்மா. இரண்டு டம்ளர்.

ஜன. 19, செவ்வாய்
இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சின்னசேலத்தில் மறியலாம், பஸ் இல்லை. ஹாஸ்டலில் எல்லோரும் நேற்றே ஊருக்குப் போயாச்சு. அறையில் நானும் கால்குலேட்டரும்.
ஒன்பது டன் போதும். மூன்று பகுதி: ஹால்+பூஜை, கீழ் அறைகள், மாடி. ஒவ்வொன்றுக்கும் தனித் தெர்மோஸ்டாட். காற்றுக்குழாய்க்குள் திறந்து மூடும் தகடு.
சாருக்கு அனுப்பினேன். "நாளன்னிக்கு ஆர்டர். கீழ உம் பேரைப் போடு." போட்டேன். முதல் தடவை.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போல. அப்பாவுக்கு போன்.
"ஒம்போது டன்னா? கரும்பாம்மா?"
"இல்லப்பா, ஏ.சி."
"ஓ." பிறகு, "சாப்பிட்டியா?"

ஜன. 20, புதன்
கூட்டல் இடிக்கிறது. மேற்குச் சுவர் வெளியே 40 அடி. உள்ளே அறைகளும் சுவர்களும் சேர்த்தால் 34. ஆறு அடி எங்கே?
பூஜை அறை. வாசலிலிருந்து தெரியாத பக்கம் நீண்டிருக்க வேண்டும். அதுவும் வெயில் வாங்கும் பக்கம். சூடு கக்கும் விளக்கு எத்தனை என்றும் எண்ணவில்லை.
சாருக்கு போன்.
"சார், பூஜை ரூம் நான் உள்ள போய் அளக்கல."
"ஏன்?"
"அது வந்து சார்..."
"அவுங்க உள்ள வுடலையா? இன்னா ஆளுங்கன்னு கேட்டாங்களா? ஊரே பத்திகினு எரியுது, இப்பப் போய் நம்ம பொண்ண வாசல்ல நிக்க வெச்சாங்களா? இரு, பசங்கள கூட்டிகினு நானே போய்க் கேக்குறேன்."
ஒரு 'ம்' போதும். என் தப்பு யாருக்கும் தெரியாது. அந்த வீட்டு வாசலில் பத்துப் பேர் போய் நிற்பார்கள்.
"இல்ல சார். யாரும் தடுக்கல. அன்னிக்கு நான்... வீட்டுக்குத் தூரம்."

"சரி, சரி. ஆர்டர நிறுத்தி வெக்கிறேன்." வைத்துவிட்டார்.
காலேஜில் நாலு வருஷம், அதற்கு முன் பள்ளிக்கூடம். எந்த ஆணிடமும் சொல்லாத சொல்.

ஜன. 22, வெள்ளி
பனி. தலைக்குக் குளித்துவிட்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன்.
"இன்னாம்மா, மறுபடியும்?"
"பூஜை ரூம் சரியா அளக்கலைங்க."
என்னையே பார்த்தார். "அன்னிக்கு வாசல்லியே நின்னியே, அதானா?"
தலையாட்டினேன்.
"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா? நானே உள்ள போய் அளந்து சொல்லியிருப்பேன்ல. பெரிய இஞ்சினீரு!"
டேப்பின் மறுமுனையை அவரே பிடித்தார். 10x16. மேற்கே ஒரு சன்னல், கண்ணாடி. விளக்கு 11.
திருத்திய கணக்கு: ஒன்பதரை டன். பகுதி அதே மூன்று. மாலையில் ஆர்டர் போனது, கீழே என் பெயரோடு. சார் என் பக்கம் பார்க்கவே இல்லை.
கம்பெனிப் பட்டறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மெக்கானிக் அண்ணன் டீ கொண்டுவந்தார். எப்போதும் கையில் கொடுப்பவர், இன்று மேசை ஓரமாக வைத்துவிட்டு நகர்ந்தார்.
ஆறிய பிறகு எடுத்துக் குடித்தேன்.