பிரார்த்தனை அறை வாசலில் விட்ட செருப்பு

என்னங்க,

வணக்கம். நீங்களும் மகளும் சுகந்தானே? உங்கள் முதுகுவலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நான் கூட்டித் துடைக்கும் பள்ளிக்கூடத்தில் முன்பு பிரார்த்தனைக்கென்று ஓர் அறை இருந்ததாம். இப்போது அதில் உடைந்த நாற்காலிகள்தான் கிடக்கின்றன. ஆனாலும் பழக்கதோஷம், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். போன வாரம் பெரிய வகுப்புப் பெண்கள் அதை எடுத்துக் கூரைமேல் வீசிவிட்டார்கள். நல்லவேளை, என் தலைமேல் வீசவில்லை.

“பிரார்த்தனைய நிறுத்துனதுலேர்ந்து இதுங்களுக்குப் பயமே விட்டுப்போச்சு,” என்றார் கணக்கு வாத்தியார்.

சமையற்கார அக்கா சிரித்தார். “இருந்தப்ப மட்டும் என்னவாம்? சாமி கும்பிட்டுட்டு நேரா வந்து என் அண்டாவுல மண்ண அள்ளிப் போட்டாங்க.”

நம் மகள் பள்ளிக்குப் போகாமல் ஊர் சுற்றுகிறாள், அங்கேயும் பிரார்த்தனையை நிறுத்தியதுதான் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். ஆனால் அதை நிறுத்தியது போன வருஷம். நான் வீட்டை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. அதற்குள் அவள் யாரோ, நான் யாரோ ஆகிவிடுவோம்.

அவளுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி அனுப்ப ஆசை. அவள் காலைத் தாளில் வைத்து, சுற்றி வரைந்து அனுப்புங்கள். மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

மணி அடித்துவிட்டது, வாளியோடு ஓடுகிறேன். தாளை மறந்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்பது வயசுக் கால்தான்.

உங்கள் மனைவி