வரிசை மாறியதால் திருடியானேன்

அனுப்புநர்:
மோகனா பிச்சைமுத்து,
பழ வியாபாரி, பாலிக் புலாவ், பினாங்கு.

பெறுநர்:
இயக்குநர்,
கடலோரக் கலை அருங்காட்சியகம், ஜார்ஜ் டவுன்.

பொருள்: என்னைப் பற்றிய படக்கதை வரிசை மாற்றி மாட்டப்பட்டிருப்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற டுரியான் பருவத்தில் ஒரு சுற்றுப்பயணி அம்மாள் என் கடையில் கைப்பையை மறந்துவிட்டுப் பேருந்து ஏறினார். நான் பின்னாலேயே ஓடிப் பேருந்தை நிறுத்திப் பையைக் கொடுத்தேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார். உடனிருந்த என் தோழி கிளாடிஸ் இதை வசனமே இல்லாமல் ஆறு படங்களாக வரைந்தார். அவற்றை நவீன ஓவியங்களோடு ஒரே சுவரில் வைத்திருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி.

2. ஆனால் படங்கள் வலமிருந்து இடமாக மாட்டப்பட்டுள்ளன. இப்போது பார்ப்பவர்களுக்கு, நான் ஓர் அம்மாளைக் கட்டிப்பிடிக்கிறேன், அவரிடமிருந்து பையை வாங்குகிறேன், ஓட்டமெடுக்கிறேன். கடைசியில் பை என் கடையில், ரம்புத்தான் பழக் குவியலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

3. தங்கள் அதிகாரி திரு. ஹைக்கலிடம் முறையிட்டேன். ரம்புத்தானின் சிவப்பு, வலப்பக்கத்துப் பெரிய சிவப்பு ஓவியத்தோடு ஒட்டி வரவே அப்படி மாட்டியதாகவும், நவீன ஓவியத்தை எந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம் என்றும் பொறுமையாக விளக்கினார். அந்த ஓவியத்தை நானும் வெகுநேரம் பார்த்தேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதில் யாரும் யார் பையையும் எடுக்கவில்லை. என் நிலைமை அப்படியில்லை.

4. கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த வாடிக்கையாளர் மோகனராஜ், "அக்கா, பைய நானே புடிச்சிக்கிறேன்லா, நீங்க பழத்த மட்டும் பாருங்க" என்கிறார். விளையாட்டுக்குத்தான் சொல்கிறார். ஆனாலும் கடையில் நிற்கும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இதற்கிடையே என் மகள் காமினியைப் பெண் கேட்டிருக்கும் ஜுரு ஊர்க் குடும்பத்தார் வரும் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கு வருகிறார்கள். என் படம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று அவர்களிடம் பெருமையாகச் சொல்லி அழைத்ததே நான்தான்.

5. எனவே, அதற்குள் படங்களைச் சரியான வரிசையில் மாட்ட உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். சிவப்பு ஓவியத்தை இடப்பக்கம் நகர்த்தினால் ரம்புத்தான் அதோடு ஒட்டியே இருக்கும் என்கிறார் கிளாடிஸ். திரு. ஹைக்கலுக்கும் சம்மதம்தான், தாங்கள் சொன்னால் போதுமாம்.

தொந்தரவாக இருந்தால் ஆறு படங்களையும் கழற்றிவிடலாம் என்றும் திரு. ஹைக்கல் சொன்னார். ஐயா, தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். "அவள் திருடியது உண்மைதான், அதனால்தான் எடுத்துவிட்டார்கள்" என்று ஊர்ப்பேச்சு ஆகிவிடும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
மோகனா பிச்சைமுத்து
(கையொப்பம்)

இடம்: பாலிக் புலாவ்
நாள்: 18 ஜூன் 2025