கூவ வராத சொல்

ராத்தா,

குசினியில் அம்மா பொதியை உடைத்ததும் மிளகும் வேர்க்கொம்புச் சுக்கும் கலந்த அந்த மணம் வீடெல்லாம் பரவியது. தங்கச்சிக்குப் பெண்பிள்ளை பிறந்து இன்று ஐந்தாம் நாள். அவளுக்கு அந்த மணம் சரக்குக்கறி. எனக்கு, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அரைக்கும் மெசினோடு சத்தமாகக் கதைக்கும் நீங்கள். நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது.

கம்பஸ் படிப்புத் தொடங்கும்வரை அந்தத் தூள் அரைக்கும் கடையில் உங்களோடு வேலை செய்தேன். நான் முன்னால், நீங்கள் பின்னால். ஆட்கள் கேட்பதை நான் கூவ வேண்டும். நீங்கள் பொதி கட்டி அனுப்புவீர்கள். மஞ்சள் என்று கூவுவேன், மல்லி என்று கூவுவேன். பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கும் அந்தக் கூட்டின் பெயரை மட்டும் கூவ வாய் வராது. வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் பெடியள், தெருவில் போகும் பெண்களைப் பார்த்து அதே சொல்லைத்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது அப்பாவின் சொல். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். "சரக்குக் கப்பல் வந்திட்டுது" என்று அவர் சொன்னால் அந்தக் கிழமை முழுக்க வீட்டில் சிரிப்பிருக்கும். அதே சொல் தெருவில் என் முதுகில் வந்து விழும்போது நடை பின்னும்.

ஒரு நாள், பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் ஒருவர் அன்புவழிபுரத்திலிருந்து வந்து சரக்குத்தூள் கேட்டார். வாசலில் பெடியள் நின்றார்கள். கூவக் கூசி, துண்டில் 'தூள்' என்று மட்டும் எழுதி உள்ளே நீட்டினேன். நீங்கள் மிளகாய் போட்டு அரைத்த கறித்தூளைக் கட்டி அனுப்பினீர்கள். பார்க்காமலே கொடுத்துவிட்டேன்.

சற்று நேரத்தில் முன்னால் வந்தீர்கள். "சரக்குப் பொதி அப்படியே கிடக்குது. பெத்த வீட்டுக்காரன் என்னத்தக் கொண்டு போனான் புள்ள?"

கூவக் கூசித் துண்டில் எழுதியதைச் சொன்னேன். பச்சை உடம்புக்காரி அந்தக் காரத்தைச் சாப்பிட்டால் அவளுக்கும் பாடு, பால் குடிக்கிற பிள்ளைக்கும் பாடு. பகல் சமையல் நேரம். வீடு உங்களுக்குத் தெரியும். சரக்குப் பொதியோடு ஆட்டோவைப் பிடித்து ஓடினோம். வழியில் நீங்கள் என்னை ஏசவில்லை. "கூச்சப்பட்டு ஒரு பெத்தவளுக்குக் கொச்சிக்காய அனுப்பிட்டியே" என்று சொல்லி, தலையில் அடித்துச் சிரித்தீர்கள்.

அந்த வீட்டு வாசல் படலைக்கு முன்னால் மதகில் நாலு பெடியள். நீங்கள் ஆட்டோவில் இருந்தபடியே கூவினீர்கள்: "வீட்டுக்காரர், சரக்கு வந்திருக்கு!"

மதகில் இருந்த ஒருவன் என்னைப் பார்த்து, "ஓம் ஓம், நல்ல சரக்குத்தான்" என்றான்.

நீங்கள் இறங்கிப் பொதியை அவன் மூக்குக்குக் கிட்டப் பிடித்தீர்கள். "மணந்து பாருங்க தம்பி. உங்களப் பெத்த நேரம் உங்கட அம்மாவும் இதத்தான் திண்டவ. இதில ஊறின பாலக் குடிச்சித்தான் இந்த வாய் வளர்ந்திருக்கு."

மற்ற மூவரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் நிலத்தைப் பார்த்தான். உள்ளே மாமியார் அடுப்பில் சட்டி வைத்து, எங்கள் தூளில் கரண்டியை விட்டிருந்தார். கரண்டியோடு வாங்கிக்கொண்டோம்.

கடைசி வருடக் கட்டுரைக்கு அந்தச் சொல்லையே எடுத்தேன். கப்பலில் வந்தது, மருந்தில் அரைபட்டது, தெருவில் கெட்டது எல்லாம் எழுதினேன். தெரு விசயத்தை விடலாமா என்று போனில் கேட்டபோது, "அதையும் போடு புள்ள. மறைச்சா அவங்கட சொல்லாப் போயிடும்" என்றீர்கள். எல்லோர் முன்னிலையிலும் வாசித்து முடித்ததும் விரிவுரையாளர், "கட்டுரையில சரக்கு இருக்கு" என்றார். அதைச் சொன்னபோது உங்களுக்குப் பெருமை. "அப்ப நான் அரைச்சது பட்டம் வரைக்கும் போயிருக்கு."

இன்று காலை தங்கச்சிக்கு வாங்க அதே கடைக்குப் போனேன். முன்னால் ஒரு புதுப் பிள்ளை. வாசலில் வேறு பெடியள், வேறு மோட்டார் சைக்கிள்கள். அவள் குரலைத் தாழ்த்தி, "பெத்த ஆக்களுக்குக் குடுக்கிற சாமானா அக்கா?" என்றாள்.

"ஓம் தங்கச்சி, சரக்கு" என்றேன். தெருவுக்கும் கேட்டது, பின்பக்கத்துக்கும் கேட்டது.

"எத்தினை?" என்று உள்ளிருந்து ஒரு குரல். உங்கள் குரல் இல்லை. ஆனாலும் உங்களுக்குச் சொல்வதுபோலவே கூவினேன்.

"ஒண்டு. கொச்சிக்காய் இல்லாமப் பாத்துக் கட்டுங்க."