சவரக் கடையில் ஒரு பொதுத்தேர்தல்

மே 4

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். விடுதிச் சாப்பாடு சுமார், தூக்கம் அதைவிடச் சுமார். இரண்டாம் ஆண்டிலிருந்து எந்தத் துறையில் படிக்கப்போகிறேன் என்று மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் காலியாகக் கிடக்கும் துறையில் கல்லூரியே தள்ளிவிடும். அது ஏன் காலி என்பது அதன் பேராசிரியர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

பொருளாதாரம், உளவியல், சட்டம் மூன்றும் பிடிக்கிறது. அதாவது எதுவும் பிடிக்கவில்லை. அப்பாவைக் கேட்டால் "உன் இஷ்டம்மா" என்கிறார். அந்த இஷ்டம் எங்கே கிடக்கிறதென்றுதான் தெரியவில்லை, மாமா.

உங்கள் மருமகள்

மே 9

மருமகளே, மகாராணியே,

உன் கடிதத்தைப் படித்ததும் கடை ஸ்தம்பித்தது. பாதிச் சவரத்தில் எழுந்துபோன தபால்காரர் இன்னும் ஒற்றைக் கன்னத்தோடுதான் ஊரைச் சுற்றுகிறார். உடனே பொதுத்தேர்தல் அறிவித்தேன். கண்ணாடி முன் மூன்று பவுடர் டப்பா, துறைக்கு ஒன்று. உன் அத்தையின் தையல் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு பொத்தான் கொடுத்துப் போடச் சொன்னேன். கழுத்தில் கத்தி ஓடும்போது, "என் மருமக வக்கீலானா எடுப்பா இருக்கும்ல?" என்று அன்பாகத்தான் கேட்டேன். கோடானுகோடி மக்கள் சட்டத்துக்கே போட்டார்கள்.

அத்தை மட்டும், "கழுத்துல கத்திய வச்சுக்கிட்டு கேட்டா எவன் மாட்டேம்பான்?" என்கிறாள். எதிர்க்கட்சி என்றால் அப்படித்தான்.

ஆகவே நீ வக்கீல். இந்தத் தேர்தலில் ஒரே ஒரு குற்றம் கண்டுபிடி, மூவுலகும் அஞ்சும் என் மீசையை எடுத்துவிடுகிறேன்!

சவரச் சக்கரவர்த்தி,
உன் தாய்மாமன்

மே 13

மாமா,

ஒரு குற்றமா? குவியலே இருக்கிறது! உங்கள் கடைக்குப் பெண்கள் வருவதில்லை, வழுக்கையர் வருவதில்லை. அவர்களுக்குக் கருத்தே கிடையாதா? டப்பாக்கள் திறந்திருந்தால் முந்தினவர் போட்டதைப் பார்த்து அடுத்தவரும் போடுவார். நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது சட்ட டப்பாதானே? போதாததற்குக் கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துவிட்டீர்கள்.

வீட்டு எண்களைக் குலுக்கி எடுத்து, அந்த வீடுகளில் கேட்க வேண்டும். பெட்டி மூடியிருக்க வேண்டும். கேட்கிறவர் நீங்களாக இருக்கக் கூடாது. கத்தி அறவே கூடாது!

இதை எழுதியதில் சாப்பிட மறந்துபோனேன். அறைத்தோழி எட்டிப் பார்த்து, "யாருக்குடி இப்படிச் சிரிச்சுக்கிட்டே எழுதறே?" என்றாள். படித்துவிட்டு, "லூசு, இதுக்குன்னே ஒரு துறை இருக்குடி. புள்ளியியல்!" என்றாள்.

நாளை அந்த வகுப்பில் போய் உட்காரப்போகிறேன். மீசை பத்திரம்.

மருமகள்

மே 20

அன்புள்ள மாமா,

புள்ளியியல் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசிவரைகூடக் காத்திருக்கவில்லை! பேராசிரியரிடம் உங்கள் தேர்தலைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவர், கத்தி வந்த இடத்தில் மட்டும் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

என் இஷ்டம் உங்கள் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. சரி, மீசை என்னாயிற்று?

மருமகள்

மே 28

புள்ளியியல் பேரரசிக்கு, தோற்ற மன்னன் எழுதுவது.

வாக்குத் தவறாத வம்சம் நாம். இருந்தாலும் மேல்முறையீடாக ஒரு மறுதேர்தல் வைத்தேன். வெள்ளைப் பொத்தான் போட்டால் மீசை இருக்கட்டும், கறுப்பு போட்டால் போகட்டும். எல்லாம் நீ சொன்ன முறைதான்: குலுக்கி எடுத்த வீடுகள், மூடிய பெட்டி. பெட்டியைச் சுமந்து போய்க் கேட்டவள் உன் அத்தை. திறந்தால் கறுப்பு மழை! மீசை ஒரே வழிப்பில் போயிற்று. அன்று உலகம் கொஞ்சம் இருண்டதை நீயும் கவனித்திருப்பாய்.

வீட்டுக்குப் போனால் அத்தை கதவைத் திறந்து, "அவரு கடையில இருக்காரு தம்பி" என்றாள். பிறகு உற்றுப் பார்த்து, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக வெட்கப்பட்டாள். அந்த வெட்கத்துக்கு இன்னொரு மீசைகூடக் கொடுக்கலாம்.

இன்று காலை கடைச் சட்டையை எடுத்தேன். பொத்தான் இல்லை. அடுத்ததை எடுத்தேன், அதிலும் இல்லை. பீரோவில் இருக்கும் ஒரு சட்டையில்கூடக் கறுப்புப் பொத்தானே இல்லை!

இதற்கு உன் பாடத்தில் என்ன வைத்தியம்? சீக்கிரம் படித்துச் சொல். அதுவரை மார்பைப் பிடித்துக்கொண்டுதான் முடி வெட்டுகிறேன்.

மீசையற்ற
மாமன்